பதினொரு பேர் வந்த கூட்டம்

பீலெஃபெல்ட்
14.01.2025, தைப்பொங்கல்

திரு. விமலநாதன் அவர்களுக்கு,

வணக்கம். உறையிலை என்ர பேரைப் பாத்தும் உடைச்சதுக்கு முதலிலை நன்றி. உடைக்காமல் குப்பையிலை போட்டிருந்தா இந்த நன்றியும் அதோடை போயிருக்கும், அதுவும் பரவாயில்லை. ரெலிபோனிலை என்ர நம்பரை நீங்கள் மறிச்சு வைச்சிருக்கிறியளாம். அதுதான் தபாலிலை வாறன்.

மச்சான் எண்டு எழுதவேண்டிய ஆளுக்குத் திரு எண்டு எழுதுறன். உங்கட தங்கச்சியைக் கட்டினவன் நான். அகதி முகாமிலை ஒரே கட்டிலிலை இருந்து ஒரே கட்சிக்கு ஒரே பேப்பரைக் கையாலை எழுதினவையும் நாங்கள்தான். கட்சி ரெண்டாப் பிரிய, நான் "கரைவிளக்கு" எண்டும் நீங்கள் "நேர்வழி" எண்டும் ஆளுக்கொரு பேப்பரைத் தூக்கிக்கொண்டு போட்டம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. கன காலம் கதைக்காட்டி எங்கை தொடங்கிறதெண்டு தெரியாமப் போகுது.

நான் இப்ப பழைய இங்கிலீசுப் பேப்பர் படிக்கிறன். சிரிக்காதேங்கோ. மகள் பிரபாலினிக்கு யூனிவசிற்றி நூலகத்திலை வேலை. நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின இங்கிலாந்துப் பத்திரிகையளை அவள்தான் ரப்லெற்றிலை திறந்து தந்தவள். யாழ்ப்பாணத்தைப் பற்றி ஏதும் கிடக்கோ எண்டு தேடப்போய், ஆல்டன்பரி எண்ட ஒரு சின்ன ஊரின்ர எலெக்சனுக்குள்ளை விழுந்திட்டன். 1868. ஊருக்கு ரெண்டு பேப்பர். மெர்க்குரி எண்டது டோரிக் கட்சிக்கு, இன்டிபென்டன்ட் எண்டது லிபரல் கட்சிக்கு. லிபரல்காரர் ஒரு கூட்டம் வைக்கினம். இன்டிபென்டன்ட் எழுதுது, சனம் மண்டபத்துக்குள்ளை அடங்கேல்லையாம், கதவைக் கழட்டி வைச்சவையாம். மெர்க்குரி எழுதுது, வந்தது அறுபது பேராம், அதிலையும் அரைவாசி மழைக்கு ஒதுங்கினவையாம். ஒரே நாள், ஒரே மண்டபம்.

வாசிச்சுப்போட்டுத் தனிய இருந்து சிரிச்சன். பக்கத்துக் கதிரையிலை இருந்த ஜெர்மன்காரி திரும்பிப் பாத்தா. 1994 ஐப்பசி, டோர்ட்முண்டிலை நான் பேசின கூட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நூற்றி நாப்பது பேர் வந்த கூட்டம். நேர்வழியின்ர முதல் பக்கத்திலை, என்ர உள்ளங்கையளவு எழுத்திலை, "தங்கராசா கூட்டத்திற்குப் பதினொரு பேர்." அதுக்குப் பிறகு கடைக்குப் போனாலும் என்னைப் பதினொண்டு எண்டுதான் கூப்பிட்டவங்கள். இப்ப கோபத்திலை எழுதேல்லை. கோவிக்கிறதுக்கும் உடம்பு வேணும்.

இன்னொண்டு. நான் இதை எழுதுறது ஆஸ்பத்திரியிலை, கீமோ ஏத்துற அறையிலை இருந்து. ஒருக்கா வந்தா நாலு மணித்தியாலம் இருக்கோணும். மருந்து ஏறுறது எனக்கில்லை.

இப்படிக்கு,
தங்கராசா


கெல்சென்கிர்ச்சன்
20.01.2025

திரு. தங்கராசா,

கடிதம் கிடைச்சுது. பதினொரு பேர் எண்டது சரி. நானே நேரிலை வந்து எண்ணினனான். அந்தச் செய்தியிலை ஒரு சொல்லும் மாத்தமாட்டன்.

உங்கட ஆசிரியர் தலையங்கமும் இப்படித்தான். நாலு பந்தி சுத்திவந்து அஞ்சாம் பந்தியிலைதான் விசயம் எட்டிப் பாக்கும். மருந்து ஏறுறது ஆருக்கு? தங்கச்சி இராஜேஸ்வரிக்கோ? ஒரு வரியிலை எழுதுங்கோ. வெள்ளைக்காரன் கதவைக் கழட்டினதை நான் பிறகு அறியலாம்.

நீங்கள் கூட்டத்தை ஞாபகம் வைச்சிருக்கிறியள். நான் ஞாபகம் வைச்சிருக்கிறது 1996 வைகாசி. அம்மா ஊரிலை மோசம்போட்டா. எனக்கு இஞ்சை விசா இல்லை, போகேலாது. பஸ் டிப்போவிலை துடைக்கிற வேலை. அங்கை ஆரோ ஒருத்தன் கரைவிளக்கைக் கொண்டுவந்து நீட்டினான். கண்ணீர் அஞ்சலி. அம்மாவின்ர படம். கீழை "இராஜேஸ்வரி (ஜெர்மனி), புஷ்பராணி (கனடா), சோதிலிங்கம் (இலங்கை) ஆகியோரின் அன்புத் தாயார்." நான் மேலையும் கீழையும் பாத்தன். பின்பக்கமும் பிரட்டிப் பாத்தன். மூத்த பிள்ளை நான் இல்லை. கொள்ளி வைக்கப் போகேலாதவனுக்கு நோட்டீசிலை எண்டாலும் ஒரு இடம் இருந்திருக்கும். அதையும் வெட்டிப்போட்டியள்.

எங்கட சனத்திலை அஞ்சு வருசம் பேசாத சித்தப்பன்ரை பேரையும் மரண நோட்டீசிலை போடுவாங்கள். நீங்கள் போடேல்லை.

க. விமலநாதன்


பீலெஃபெல்ட்
27.01.2025

விமலநாதன் அவர்களுக்கு,

ஒரு வரியிலை கேட்டியள். இராஜேஸ்வரிக்குக் கணையத்திலை புற்றுநோய், கோடைகாலத்தை நம்பவேண்டாம் எண்டு டொக்டர் சொல்லியிட்டார்.

இதுக்கு மேலை எழுத எனக்கு ரெண்டு நாள் எடுத்தது.

அவ அழேல்லை. வீட்டை வந்து, சப்பாத்தும் கழட்டாமல் மேசையிலை இருந்து ஒரு கொப்பியை எடுத்தா. என்ன எழுதுறீர் எண்டு கேட்டன். "என்ர நோட்டீஸ்" எண்டா. "உங்கட கையிலை விட்டா ஆரை வெட்டுவியளோ தெரியாது." அவ்வளவுதான் சொன்னவ. எனக்கு அடுப்படிக்குள்ளை போய் நிக்கத்தான் முடிஞ்சுது.

எழுதி முடிச்சு வைச்சிருக்கிறா. பிறந்த இடம், வாழ்ந்த இடம், பிள்ளை, மருமகன், பேரப்பிள்ளை, எல்லாம் வடிவாக் கிடக்கு. சகோதரங்கள் எண்ட வரியிலை மட்டும் முதல் இடம் வெறுமை. கோடு இழுத்து விட்டிருக்கிறா. "அண்ணையின்ர பேர் இருக்கோணும். ஆனால் அவரைக் கேக்காமல் போடக்குடாது. அவருக்கு எங்களோடை சேர்ந்து இருக்க விருப்பமோ தெரியாது" எண்டு சொல்லுறா. அதைக் கேக்கத்தான் நான் எழுதத் தொடங்கினனான். முதல் கடிதத்திலையே கேட்டிருக்கோணும். வாய் வரேல்லை, கதவைக் கழட்டின கதை வந்தது.

1996ஐப் பற்றியும் சொல்லுறன். உங்கட பேரை வெட்டச் சொல்லிக் கட்சிக் கமிட்டி சொன்னது உண்மை. "எதிர்க்கட்சிக்காரன்ரை பேர் எங்கட பேப்பரிலை வரக்குடாது" எண்டு அஞ்சு பேர் இருந்து தீர்மானிச்சவை. நான் மாமியின்ர மருமகன் எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை, நானும் யோசிக்கேல்லை. ஆனால் தட்டச்சு அடிச்சது கமிட்டி இல்லை. என்ர பத்து விரல். இராஜேஸ்வரி அச்சிலை வந்த பிறகுதான் கண்டவ. அதுவரைக்கும் முந்நூறு பேப்பரையும் மடிச்சு முத்திரை ஒட்டினது அவதான். அண்டையிலை இருந்து ஒரு பேப்பரையும் மடிக்கேல்லை. பேப்பர் நிக்கும் மட்டும் நான் தனியத்தான் மடிச்சனான்.

பேரைப் போடலாமோ எண்டு ஒரு வரி எழுதுங்கோ.

தங்கராசா


கெல்சென்கிர்ச்சன்
09.02.2025

தங்கராசா,

கடிதத்தைப் பத்து நாளா மேசையிலை வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறன். மகன் அபிஷன் வந்தவன், "அப்பா, ஏதும் அம்ற்றிலை, அரசாங்கக் கந்தோரிலை இருந்து வந்ததோ, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு" எண்டான். ஓம் எண்டு சொல்லியிட்டன்.

என்ர பேரைப் போடவேண்டாம்.

கோபம் எண்டு நினைக்கவேண்டாம். கோபமாயிருந்தா லேசு. உம்மட பேப்பரிலை நான் இல்லாத நோட்டீஸ் வந்து மூண்டு கிழமையாலை என்ர பேப்பரிலை என்ன வந்ததெண்டு நீர் ஒரு கடிதத்திலையும் எழுதேல்லை. மறந்தீரோ, மரியாதைக்கு விட்டீரோ தெரியேல்லை. நான் சொல்லுறன். "விமலநாதன், புஷ்பராணி, சோதிலிங்கம் ஆகியோரின் அன்புத் தாயார்." எங்கட ஈசு, இராஜேஸ்வரி, அதிலை இல்லை. எனக்குக் கமிட்டியும் இல்லை. நான் ஒருத்தன்தான் ஆசிரியர், நான்தான் பேப்பர் மடிக்கிறவன். அவளிட்டை ஒரு பிழையும் இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டு வெட்டினன். உம்மைச் சுடவேணும் எண்டு வெட்டினன், சுட்டது அவளை.

அம்மாவுக்கு உம்மட பேப்பரிலை மூண்டு பிள்ளை, என்ர பேப்பரிலையும் மூண்டு பிள்ளை. அந்தக் கோதாரிக் கட்சியளுக்கு அம்மா வாக்குப் போட்டவவும் இல்லை.

இப்பிடிச் செய்தவன்ரை பேர் அவளின்ர நோட்டீசிலை முதலாவதாக் கிடக்கிறதோ? எந்த முகத்தோடை? புஷ்பராணியின்ர பேரிலை இருந்து தொடங்கச் சொல்லும்.

அவள் என்ன சாப்பிடுறாள்? சாப்பிட்டதைச் சத்தி எடுக்கிறாளோ?

ஒண்டு கேக்கவேணும். அந்த ஆல்டன்பரியிலை ரெண்டு ஆசிரியர்மாரும் கடைசியிலை என்ன ஆனவை?

விமலநாதன்


பீலெஃபெல்ட்
20.02.2025

விமலநாதன்,

கஞ்சி குடிக்கிறா. மத்தியானத்திலை அரைத் தோசை. சத்தி இப்ப குறைவு, ஏனெண்டா மருந்தை நிப்பாட்டியாச்சு. இனி வீட்டிலைதான். கிழமையிலை ரெண்டு தரம் நேர்ஸ் வந்து போறா.

உம்மட கடிதத்தை வாசிச்சுக் காட்டச் சொன்னவ. ஒளிக்க எனக்கு ஏலேல்லை, முழுக்க வாசிச்சன். பட அல்பத்தைக் கொண்டரச் சொன்னா. கல்யாணப் படத்துக்குப் பின்னாலை ஒரு பக்கத்திலை ரெண்டு நோட்டீசும் பக்கத்துப் பக்கத்திலை ஒட்டிக்கிடக்கு. கரைவிளக்கிலை வந்ததும் நேர்வழியிலை வந்ததும். இருபத்தொன்பது வருசமா எங்கட வீட்டுக்குள்ளை அது கிடக்குது, நான் காணேல்லை. ஏன் ரெண்டையும் வைச்சிருக்கிறீர் எண்டு கேட்டன். "ரெண்டையும் சேர்த்துப் பாத்தாத்தான் அம்மாவுக்கு நாலு பிள்ளை வரும்" எண்டா. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திட்டா.

பேரைப் போடவேண்டாம் எண்டு நீர் எழுதினதுக்கு அவ சொன்ன மறுமொழி இது: "அப்ப அந்தக் கோடு அப்பிடியே இருக்கட்டும். வெறுமையாவே அடிக்கச் சொல்லுங்கோ. பாக்கிற சனம் கேக்கட்டும்." உம்மட தங்கச்சியின்ர பிடிவாதம் உமக்குத் தெரியும்.

நீர் கேட்ட ஆசிரியர்மார். மெர்க்குரிக்காரன் பிளங்கெட், இன்டிபென்டன்ட்காரன் ஹோஸ்கின். இருபது வருசம் ஒருத்தன் மற்றவன்ரை பேரை எழுதேல்லை, "எங்கள் சக பத்திரிகை" எண்டுதான் எழுதுவாங்கள், அதையும் திட்டுறதுக்கு. 1881 மாசியிலை ஹோஸ்கின் செத்துப்போனான். ஊரிலை குதிரைக்காரன் செத்தாலும் மெர்க்குரி ரெண்டு வரி போடும். ஹோஸ்கினுக்கு என்ன போட்டது எண்டு ஆசைப்பட்டுத் தேடினன். அந்தக் கிழமைப் பேப்பர் இல்லை. பழைய பேப்பரெல்லாத்தையும் படம் எடுக்கேக்கையே அந்தப் பக்கம் தொலைஞ்சு போச்சாம். பிரபாலினியும் தேடிப் பாத்தவள். இல்லை எண்டா இல்லை. எனக்கு அண்டைக்கு முழுக்கச் சோறு இறங்கேல்லை. ஆரோ ஒரு வெள்ளைக்காரனுக்கு நான் ஏன் அந்தரப்படுறன் எண்டு எனக்கே விளங்கேல்லை.

இன்னொரு புதினம். ஊரிலை எங்கட கட்சியும் உங்கட கட்சியும் இந்த எலெக்சனுக்குச் சேர்ந்து வாக்குக் கேக்கினமாம். ரெண்டு தலைவர்மாரும் ஒரே மாலைக்குள்ளை கழுத்தை விட்டுக்கொண்டு நிக்கிற படம் பேஸ்புக்கிலை வந்தது. ஆருக்கும் நினைவில்லை. எனக்கும் உமக்கும்தான் நினைவு கிடக்கு.

தங்கராசா


கெல்சென்கிர்ச்சன்
01.03.2025

மச்சான்,

அந்தப் படத்தை நானும் பாத்தனான். பாத்துப்போட்டுக் கட்டிலிலை போய்ப் படுத்தன். ஏதோ பாரம் தூக்கின அலுப்பு.

பிளங்கெட் என்ன எழுதினான் எண்டு தேடவேண்டாம், விடு. வெள்ளைக்காரன் என்ன செய்தான் எண்டு பாத்தோ நான் என்ர தங்கச்சியைப் பாக்க வரோணும்? அந்தப் பக்கம் தொலைஞ்சது நல்லதுக்குத்தான்.

டோர்ட்முண்ட் கூட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் மாத்தமாட்டன் எண்டு எழுதினன். எண்ணினது பொய்யில்லை. கூட்ட நோட்டீசிலை அஞ்சு மணி எண்டு போட்டிருந்தியள். அஞ்சுக்குச் சரியா வந்து நிண்டன். அஞ்சேகாலுக்குப் பதினொரு பேர், அதிலை நாலு பேர் கதிரை அடுக்கினவை. எண்ணிப்போட்டு ரெயில் எடுத்திட்டன். அஞ்சு எண்டு போட்டா எங்கட சனம் ஆறரைக்குத்தான் வரும் எண்டு எனக்குத் தெரியாதோ? வடிவாத் தெரியும். தெரிஞ்சுதான் அஞ்சுக்கு வந்தனான். இதை இதுவரை ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

நேர்வழி நடத்தின பன்னிரண்டு வருசத்திலை நான் ஒரு திருத்தம் போட்டதில்லை. போட்டா மற்றப் பக்கம் சிரிக்கும் எண்டு பயம். இப்ப ஒண்டு எழுதியிருக்கிறன். பேப்பர் இல்லை, அச்சகம் இல்லை, இந்தக் கடிதத்திலைதான் போடவேண்டிக் கிடக்கு. ஈசுவுக்கு வாசிச்சுக் காட்டு.

திருத்தம்

1996 ஆனி மாத நேர்வழி இதழில் வெளியான, அமரர் கந்தையா தெய்வானைப்பிள்ளை அவர்களின் கண்ணீர் அஞ்சலியில், அன்னாரின் மகள் இராஜேஸ்வரியின் பெயர் இடம்பெறவில்லை. அது தவறுதலாக விடுபட்டதல்ல. ஆசிரியர் வேண்டுமென்றே வெட்டினார். அன்னாருக்குப் பிள்ளைகள் நால்வர். விமலநாதன், இராஜேஸ்வரி, புஷ்பராணி, சோதிலிங்கம். இதற்காக ஆசிரியர் தன் தங்கையிடம் மன்னிப்புக் கேட்கிறார்.
ஆசிரியர், நேர்வழி

வாற சனி, எட்டாந் திகதி வாறன். ஹம் ஸ்டேசனிலை ரெயில் மாறோணும், முழங்கால் சரியில்லை, ஆறுதலாத்தான் வருவன். ரெண்டு மணித்தியாலப் பயணம், மச்சான். ரெண்டே ரெண்டு மணித்தியாலம்.

கோட்டிலை என்ர பேரை எழுதச் சொல்லு. இல்லை, எழுதவேண்டாம். நானே வந்து எழுதுறன்.

விமலன்


பீலெஃபெல்ட்
28.04.2025

அன்பு மச்சான்,

வீடு வெறிச்சுக் கிடக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலை நேற்று வந்து கொண்டுபோயிட்டாங்கள். அது நிண்ட இடத்திலை கம்பளத்திலை நாலு குழி. பிரபாலினி ஒரு மேசையை இழுத்து அதுக்கு மேலை வைச்சாள், நான் பிறகு எடுத்துப்போட்டன்.

நீ முதல் வந்த அண்டைக்கு ரெண்டு பேரும் என்ன கதைச்சியள் எண்டு நான் கேக்கேல்லை, இனியும் கேக்கமாட்டன். தேத்தண்ணி போட எண்டு போய் ஒரு மணித்தியாலம் குசினிக்குள்ளையே நிண்டனான். நீ வெளிக்கிட்ட பிறகு உன்ரை திருத்தத்தை வெட்டி அல்பத்திலை அந்த ரெண்டு நோட்டீசுக்கும் கீழை ஒட்டச் சொன்னவ. ஒட்டினன். "ரெண்டு பேரும் இத்தினை வருசம் பேப்பர் நடத்தி ஒரேயொரு உண்மைதான் எழுதியிருக்கிறியள்" எண்டு சொல்லிச் சிரிச்சா. சிரிச்ச உடனை இருமல் வந்திட்டுது. அதுக்குப் பிறகு அஞ்சு சனிக்கிழமை நீ வந்தாய். அஞ்சு சனிக்கும் முதல்நாள் வெள்ளிக்கிழமையே சீப்பாலை தலை இழுத்துவிடச் சொல்லிக் கேட்டவ.

நோட்டீஸ் அவ எழுதினபடியே வந்தது. நான் ஒரு சொல்லும் தொடேல்லை. முதல் இடத்திலை உன்ரை பேர். நீ கையாலை எழுதினது கோணலாத்தான் கிடந்தது, அச்சடிச்சவன் நேராக்கிப்போட்டான், எனக்கு அது பிடிக்கேல்லை.

முப்பத்தோராம் நாளுக்கு நன்றி நவிலல் எழுதவேணும். நான் எழுதி உனக்கு அனுப்புறன், நீ பாத்துத் திருத்து. ஒரு பேரும் விடுபடக்குடாது. இனி இந்த வீட்டுக்கு ஆசிரியர் ரெண்டு பேர்.

ஒண்டு கேக்கோணும். செத்தவீட்டுக்கு எத்தினை பேர் வந்தவை? அதை எழுதிற வழக்கம் இல்லை, தெரியும். எனக்கு அறியவேணும் போலக் கிடக்கு. பிரபாலினி இருநூறு எண்டுறாள், மருமகன் முந்நூறு எண்டுறார். நான் பெட்டிக்குப் பக்கத்திலை இருந்தன், ஒருத்தற்றை முகமும் நினைவில்லை. நீ வாசலிலை நிண்டு எண்ணினதை நான் கண்டன். உன்ரை உதடு ஆடினது. நீ சொல்லுற எண்ணிக்கையைத்தான் நான் நம்புவன்.

தங்கராசா


கெல்சென்கிர்ச்சன்
03.05.2025

மச்சான்,

எண்ணினது உண்மைதான். பழக்கம் விடுமோ.

டோர்ட்முண்டுக்கு நூற்றி நாப்பது எண்டு நீ சொன்னதை இண்டைக்கு ஒத்துக்கொள்ளுறன். வேணுமெண்டா அதுக்கும் ஒரு திருத்தம் எழுதித் தாறன், நீ சட்டம் போட்டுச் சுவரிலை மாட்டு.

ஈசுவின்ர செத்தவீட்டுக்கு எனக்கு எண்ணிக்கை தெரியாது. வாசலிலை நிண்டு தொடங்கினன். உங்கட கட்சிக்காரர், எங்கட கட்சிக்காரர், எல்லாம் ஒண்டாத்தான் வந்தவை. பதினொண்டு மட்டும் எண்ணினன். அதுக்குப் பிறகு கண் தெரியேல்லை.

விமலன்